டி.என். நம்பர் வண்டியோடு பெங்களூருக்கு வருகிறவர்களுக்கு: "சட்டம் மாறுது" என்று யாராவது சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் ஈஜிபுரா தெருவில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் குடியிருந்தான். ஏ.சி. மெக்கானிக். ஊரிலிருந்து கொண்டுவந்த பைக்கை வைத்துத்தான் வேலைக்குப் போய்வந்தான். ஒருநாள் பார்த்தால் வண்டியைக் காணோம். கேட்டதற்கு, "வித்துட்டேண்ணா, திங்கக்கிழமையிலிருந்து வெளிமாநில வண்டியெல்லாம் பிடிக்கிறாங்களாம், புதுச் சட்டமாம்" என்றான். போனில் வந்த செய்தியைக் காட்டினான். அதில் தேதி இல்லை, அரசாணை எண் இல்லை, எந்தத் துறை என்றுகூட இல்லை. அதை நம்பி, மூன்று வருடம்கூட ஆகாத வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டான். அவன் பெங்களூருக்கு வந்தே அப்போது நாலு மாதம்தான். சட்டப்படி அவனுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

இந்தச் செய்தி வருடத்துக்கு ஒருமுறையாவது சுற்றுகிறது. பதினேழு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பயந்து புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அந்தப் பணம் உழைத்துச் சம்பாதித்தது. அது வீணாகப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், மதுரை, எங்கிருந்து வந்தாலும் சரி, முதலில் இதைப் படியுங்கள். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகலாம்.

முதல் படி: எந்த விதியை யார் போடுகிறார்கள்?

இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வதந்தி செத்துவிடும்.

வண்டிப் பதிவு, லைசென்ஸ் இரண்டுக்கும் அடிப்படை 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். இது நாடாளுமன்றச் சட்டம், நாடு முழுக்க ஒன்றே. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுக்க ஓடலாம் என்று இதன் 46-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, டி.என். நம்பர் என்பதற்காக மட்டும் உங்கள் வண்டி பெங்களூரில் குற்றவாளி ஆகிவிடாது.

வரி அப்படியில்லை. வண்டி மேல் வரி போடும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில், 57-ஆம் இனத்தில் இருக்கிறது. கர்நாடகம் அதற்கென்று தனியாக ஒரு வரிச் சட்டத்தை 1957-இலிருந்து வைத்திருக்கிறது. லைஃப் டாக்ஸ் (வண்டியின் ஆயுளுக்கும் ஒரே தடவையாகக் கட்டும் வரி) என்று எல்லாரும் சொல்வது இதன்படி கட்டுவதைத்தான்.

இப்போது ஒரு செய்தி வந்தால், இது பதிவைப் பற்றியதா, லைசென்ஸைப் பற்றியதா, வரியைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். லைசென்ஸ் விதி மாறுகிறது என்றால் அது பெரும்பாலும் டெல்லியிலிருந்து, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திலிருந்து வரவேண்டும். வரி மாறுகிறது என்றால் விதான சௌதாவிலிருந்து, அதாவது கர்நாடகச் சட்டமன்றத்திலிருந்து, வரவேண்டும். மாநில பட்ஜெட் நேரத்தில், அதாவது பிப்ரவரி, மார்ச்சில், வரிச் செய்தி வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். மற்ற நேரத்தில் ஆள், பேர் தெரியாமல் வரும் வரிச் செய்தியை நம்பும் முன் நிறையவே கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: மாற்றம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

மத்திய அரசு ஒரு விதியை மாற்ற நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-ஆம் பிரிவுப்படி, விதியை முதலில் வரைவாக வெளியிட வேண்டும். அரசிதழில் வரும் அந்த வரைவில் கருத்தும் ஆட்சேபமும் சொல்ல ஒரு கெடு இருக்கும், வழக்கமாக 30 நாள். அதற்குப் பிறகுதான் இறுதி அறிவிப்பு. அதிலும் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று எழுதியிருக்கும். வரைவு என்பது கல்யாணத்துக்கு முன் பெண் பார்ப்பது மாதிரி. தாலி இன்னும் ஏறவில்லை.

சமீபத்திய உதாரணம் ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றலாம் என்ற வரைவு 2025 பிப்ரவரியில் வந்தது. அது இறுதியானது ஆகஸ்டில். பைக்குக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். நடுவில் ஆறு மாதம் இருந்தது. வரைவு வந்த அன்றே புரோக்கரிடம் ஓடியவர்களுக்கும், இறுதி அறிவிப்புக்காகக் காத்திருந்து யோசித்தவர்களுக்கும் கையில் மிஞ்சியது ஒன்றாக இருக்காது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2024 ஜூன் 1 முதல் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டவே வேண்டாம், டிரைவிங் ஸ்கூலே லைசென்ஸ் கொடுத்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படி எந்த மாற்றமும் இல்லை என்று அமைச்சகமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதி 2021 ஜூலையிலேயே வந்துவிட்டது. அங்கே படித்துச் சான்று வாங்கினால் ஓட்டிக் காட்டும் சோதனையிலிருந்து மட்டும் விலக்கு. லைசென்ஸ் கொடுப்பது அப்போதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். மூன்று வருடம் பழைய விதி ஒன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவுதான்.

மாநில வரிச் சட்டத்தில் மாற்றம் என்றால் மசோதா சட்டமன்றத்திலும் மேலவையிலும் நிறைவேறி, ஆளுநர் கையெழுத்திட்டு, கர்நாடக அரசிதழில் வரவேண்டும். இங்கே ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மைப் போன்றவர்களை நேராகத் தொட்ட கதை. வெளிமாநில வண்டி கர்நாடகத்தில் 30 நாளுக்கு மேல் இருந்தாலே லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும் என்று 2014-இல் வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். தெருத்தெருவாகச் சோதனை நடந்தது. மென்பொருள் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள், வியாபாரிகள் என்று பலர் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2016-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. இன்றைக்கும் "30 நாள்தான் டைம்" என்று யாராவது மிரட்டினால், அவர் பெரும்பாலும் அந்த 2014 நினைப்பில் பேசுகிறார், அல்லது உங்கள் பர்ஸைப் பார்த்துப் பேசுகிறார்.

ஆனால் ஒன்று. சட்டப் புத்தகத்தில் 30 நாள் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. குடியிருப்பு நிரந்தரமாக மாறினால் புது விலாசத்தை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 49-ஆம் பிரிவு. அது விலாசத்துக்கு. வண்டிக்குப் புது நம்பர் வாங்கும் கடமை 47-ஆம் பிரிவில் வருகிறது. வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டால்தான் அது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: வந்த தேதிக்கு ஆதாரம்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி இதுதான். 12 மாதம் என்று சட்டம் சொல்கிறது, சரி. அந்த 12 மாதம் எப்போது தொடங்கியது என்று ரோட்டில் நிறுத்திக் கேட்டால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

கார் என்றால் வேலை சுலபம். கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி சுங்கச்சாவடிகளில் கழிந்த பணம் ஃபாஸ்டாக் கணக்கில் தேதியோடு, நேரத்தோடு இருக்கும். மாதம் ஒருமுறை அந்தக் கணக்கை இறக்கிச் சேமித்து வையுங்கள். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, மச்சான் கல்யாணத்துக்கு என்று நீங்கள் வண்டியோடு ஊருக்குப் போய்வந்தது எல்லாம் அதில் தெரியும். வண்டி தொடர்ந்து இங்கேயே கிடக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பைக்குக்குப் பெரும்பாலும் சுங்கம் இல்லை, அதனால் ஆதாரமும் தானாகச் சேராது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ரயிலிலோ பார்சல் சர்வீஸிலோ வண்டியை அனுப்பியிருந்தால் அந்த ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். அதில் வண்டி நம்பரும் தேதியும் இருக்கும். ஓட்டிக்கொண்டே வந்திருந்தால், வழியில் ஓசூருக்கு முன்னால் பெட்ரோல் போட்டு வண்டி நம்பரோடு பில் கேட்டு வாங்குங்கள். ஊரில் சர்வீஸ் விட்ட பில், வேலையில் சேர்ந்த கடிதம், வாடகை ஒப்பந்தம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். பெட்ரோல் பில்லின் எழுத்து மூன்று மாதத்தில் வெளுத்துப் போகும், அதனால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். என் தங்கை வீட்டுக்காரர் இதில்தான் மாட்டினார். பில் எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். தேவைப்பட்ட நாளில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் வெறும் வெள்ளைத் தாள்.

நிறுத்தியவர் யார் என்றும் பாருங்கள். வெள்ளைச் சட்டை, காக்கிப் பேண்ட் போட்டவர் டிராஃபிக் போலீஸ். அவர் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எமிஷன் (புகைச் சோதனை) சான்று கேட்பார். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹனிலோ காட்டினால் போதும், 2018-லிருந்தே அது சட்டப்படி செல்லும். வரி விவகாரம் போக்குவரத்துத் துறை இன்ஸ்பெக்டருடையது. வரி பாக்கி என்று அவர்கள் முடிவு செய்தால் வண்டியைப் பிடித்துவைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. வாக்குவாதம் வேண்டாம். ஆதாரத்தைக் காட்டுங்கள். எதற்குப் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள், ரசீது இல்லாத பணம் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: மாற்றுவதா வேண்டாமா?

பத்து மாதம் ஆனதும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். இந்த ஊரில் இன்னும் எத்தனை வருடம்? வண்டிக்கு எத்தனை வயது?

கர்நாடகத்தில் காருக்கு லைஃப் டாக்ஸ் 5 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சம் வரை 14, 20 லட்சம் வரை 17, அதற்கு மேல் 18. அதன் மேல் செஸ் வேறு. 7 லட்ச ரூபாய்க் கார் புதிதாக இருந்தால் வரி மட்டும் 98,000 ரூபாய். வண்டி பழையதாக ஆக இதில் கழிவு கிடைக்கும், முழுத்தொகை வராது. கட்டும் முன் போக்குவரத்துத் துறையின் வாஹன் தளத்தில் அன்றைய கணக்கைப் பாருங்கள். பட்ஜெட்டில் மாறக்கூடிய எண்கள் இவை.

ஒரு வருடத்தில் ஊர் திரும்பிவிடுவேன் என்றால், வண்டியை ஊரில் விட்டுவிட்டு இங்கே மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போவது பல பேருக்குக் கட்டுப்படியாகும். ஐந்தாறு வருடம் இருப்பேன் என்றால் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் நெஞ்சு படபடக்க ஓட்டுவதைவிட அது நிம்மதி.

மாநிலம் மாநிலமாக மாற்றலாகும் வேலை என்றால் பி.எச். (பாரத்) வரிசை நம்பரைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் தொடங்கியது. அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், பொதுத்துறை ஊழியர்கள், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியர்கள் வாங்கலாம். தனியார் என்றால் கம்பெனி படிவம் 60-இல் சான்று தரவேண்டும். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. சாதாரண நம்பரை பி.எச்.-ஆக மாற்றவும் 2022 டிசம்பரில் வழி செய்தார்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். பெங்களூரில் குடியிருந்துகொண்டே, வரி மிச்சம் என்று தெரிந்தவர் விலாசத்தைக் கொடுத்து ஓசூரில் புது வண்டி எடுத்து டி.என். 70 நம்பரோடு ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். செய்யாதீர்கள். வண்டி வழக்கமாக எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்பது 40-ஆம் பிரிவு. நாளைக்கு ஒரு விபத்து என்றால் பொய் விலாசம் உங்களையே திருப்பிக் கடிக்கும்.

ஐந்தாம் படி: என்.ஓ.சி.

மாற்றுவது என்று முடிவானால் தொடங்குமிடம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ், பெங்களூர் அல்ல. அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்க வேண்டும். படிவம் 28. வாஹன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, தாளை அச்செடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாநிலம், எந்த ஆர்.டி.ஓ. என்று கேட்கும். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரியதைக் கவனமாகப் போடுங்கள். கோரமங்கலா கே.ஏ. 01, இந்திராநகர் 03, ஜெயநகர் 05, எலெக்ட்ரானிக் சிட்டி 51, கே.ஆர். புரம் 53. இது தப்பானால் மறுபடி ஊருக்கு ஒரு நடை.

போகும் முன் பழைய அபராதங்களைக் கட்டிவிடுங்கள். கடனில் எடுத்த வண்டி என்றால் பாங்கின் சம்மதக் கடிதம் வேண்டும். கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.-யிலிருந்து பாங்க் பெயரை எடுத்துவிட்டே போங்கள். வண்டி மேல் வழக்கு இல்லை என்பதற்குத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் எடுத்த தாளையும் சில இடங்களில் கேட்கிறார்கள்.

படிவம் 28-இல் சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் ஒட்ட வேண்டும். இதற்கு ஆபீஸ் வாசலில் காசு வாங்குவார்கள். நீங்களே எடுக்கலாம். சின்ன வயதில் காசு மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்திருப்போமே, அதேதான். பைக்கில் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் நம்பர் குத்தியிருக்கும். கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மெல்லிய தாளை வைத்து இரண்டு பக்கமும் செலோ டேப்பால் நகராமல் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். அழுத்தினால் தாள் கிழியும். நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கேயும் தேவைப்படும்.

விண்ணப்பம் கொடுத்து 30 நாளுக்குள் சான்று தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும் என்பது 48-ஆம் பிரிவு. இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும். ஒரு ஆபீசில் என்னை மூன்று முறை சும்மா அலையவிட்டார்கள். நாலாவது முறை இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். அன்று சாயங்காலமே சான்று வந்தது. முத்திரையோடு ஒரு நகல் கையில் இருப்பது அவ்வளவு பலம்.

ஆறாம் படி: பெங்களூர் ஆபீஸ்

இங்கே கொடுக்க வேண்டியது படிவம் 27. கூடவே என்.ஓ.சி., அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், எமிஷன் சான்று, விலாசச் சான்று. ஆதாரில் பெங்களூர் விலாசத்தை முன்பே மாற்றிவைத்திருந்தால் பாதித் தொல்லை இல்லை. வண்டியையும் எடுத்துப்போக வேண்டும். இன்ஸ்பெக்டர் சேஸிஸ், இன்ஜின் நம்பர்களைத் தாளோடு ஒத்துப்பார்ப்பார். வரியை ஆன்லைனில் கட்டி ரசீதைச் சேருங்கள்.

கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். விண்ணப்பத்துக்கு அர்ஜி, வரிக்குத் தெரிகெ, விலாசத்துக்கு விளாச. "நாளே பன்னி" என்றால் நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்தக் கவுண்டர் என்று உடனே கேட்டுவிடுங்கள். நாலு வார்த்தை கன்னடத்தில் பேசினால் எதிரில் இருப்பவர் முகமே மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புது நம்பர் வந்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டி, இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டாக்கிலும் நம்பரை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இன்சூரன்ஸ் ஒரு நம்பரில், வண்டி ஒரு நம்பரில் கிடக்கும். பிறகு, தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்டு ஊர் ஆபீசுக்கு எழுதுங்கள். புது ஆர்.சி. நகல், இங்கே வரி கட்டிய ரசீது, என்.ஓ.சி. நகல் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் விடாதீர்கள், அது உங்கள் பணம்.

லைசென்ஸ்

இதில் பயப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு லைசென்ஸ் எங்கும் செல்லும். புதுப்பிக்கும் காலம் வந்தால் இங்கேயே, சாரதி தளத்தில் விலாசத்தையும் மாற்றிக்கொள்ளலாம். காலாவதியாகி ஒரு வருடத்தைத் தாண்டவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், அதை மட்டும் கவனியுங்கள். புதிதாக எடுப்பவர்கள் எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள் டெஸ்டுக்குப் போக வேண்டும்.

கடைசிப் படி: வரைவு வந்தால் பதில் எழுதுங்கள்

நம் ஆட்கள் யாரும் செய்யாதது இது. வரைவில் கருத்துக் கேட்பது சும்மா சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். எழுதுங்கள். வக்கீல் வேண்டாம், ஒரு பக்கம் போதும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். முகவரி வரைவிலேயே இருக்கும். அறிவிப்பின் எண்ணையும் தேதியையும் மேலே போடுங்கள். எந்த விதி, அது உங்களை எப்படித் தொடுகிறது என்று உங்கள் கணக்கையே எழுதுங்கள். மாதச் சம்பளம் இவ்வளவு, வண்டி விலை இவ்வளவு, ஊருக்குப் போய்வரும் நடை இத்தனை. பிறகு என்ன மாற்ற வேண்டும் என்று ஒரு வரி. வேலைக்காக வந்து போகிறவர்களுக்கு வரியைத் தவணையில் கட்ட வழி கொடுங்கள் என்று கேட்கலாம். பழைய மாநிலத்தில் கட்டியதை இங்கேயே கழித்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்கலாம். கெடு முடிவதற்குள் அனுப்பி, அனுப்பியதன் நகலைப் பெட்ரோல் பில் வைத்திருக்கும் அதே இடத்தில் வையுங்கள்.